எச் இன்டெக்ஸ் 29, 21, 18: மூன்றில் எது சரி?

வாசகர் கேள்வி: எங்கள் மருத்துவக் கல்லூரியில் மயக்கவியல் பேராசிரியர் பதவிக்குத் தேர்வு நடக்கிறது. குழுவில் அந்தத் துறைக்காரன் நான் ஒருவன்தான். விண்ணப்பித்தவர்களில் ஒருவர் 112 கட்டுரைகள் காட்டியிருக்கிறார். முதல் கட்டுரை வந்து 22 ஆண்டுகள் ஆகின்றன. கூகுள் ஸ்காலரில் 3,900 மேற்கோள், எச் இன்டெக்ஸ் 29. ஸ்கோப்பஸில் 2,150 மேற்கோள், எச் இன்டெக்ஸ் 21. வெப் ஆஃப் சயின்ஸில் எச் இன்டெக்ஸ் 18. ‘உலகின் தலைசிறந்த 2 சதவீத விஞ்ஞானிகளில் ஒருவர்’ என்றும் பயோடேட்டாவில் போட்டிருக்கிறார். குழுவில் உள்ள இதயவியல் பேராசிரியர், “இதெல்லாம் ஒரு எண்ணா? எங்கள் துறையில் 45க்குக் கீழே யாரும் விண்ணப்பிக்கவே மாட்டார்கள்” என்கிறார். எந்த எண்ணை எடுத்துக்கொள்வது? பத்து நாளில் எதையெல்லாம் பார்த்து, குழுவுக்கு என்ன எழுதித் தருவது?

பதில்:

அன்புள்ள டாக்டர்,

மூன்று எண்ணும் சரிதான். எச் இன்டெக்ஸ் 21 என்றால், ஆளுக்குக் குறைந்தது 21 மேற்கோளாவது வாங்கிய கட்டுரைகள் 21 இருக்கின்றன என்று பொருள். கணக்கு மூன்று இடத்திலும் ஒன்றே, எண்ணிய பட்டியல்தான் வேறு. கூகுள் ஸ்காலர் இணையத்தில் கைக்கு எட்டியதையெல்லாம் எண்ணும். முதுநிலை ஆய்வேடு, மாநாட்டுச் சுருக்கம், இதழ் ஏற்கும் முன்பே இணையத்தில் போடும் முன்பதிப்பு, பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் கிடக்கும் பிடிஎஃப் எல்லாமே அதற்கு மேற்கோள்தான். ஸ்கோப்பஸ் தன் தேர்வுக் குழு ஏற்றுக்கொண்ட இதழ்கள், நூல்களிலிருந்து வருவதை மட்டும் எண்ணும். வெப் ஆஃப் சயின்ஸின் மையத் தொகுப்பு அதைவிடக் கொஞ்சம் இறுக்கமானது. ஆகவே 29, 21, 18 என்று படியிறங்குவது இயல்புதான். அதைப் பார்த்து ஆள் ஏமாற்றுகிறார் என்று நினைக்க வேண்டாம்.

குழுவுக்கு ஸ்கோப்பஸ் எண்ணைக் கொடுங்கள். அது உண்மைக்கு மிக அருகில் இருக்கிறது என்பதற்காகச் சொல்லவில்லை. தன் கட்டுரையைத் தானே மேற்கோள் காட்டியதை நீக்கிப் பார்க்கலாம், கட்டுரை வகை வாரியாகப் பிரிக்கலாம், ஒரே பெயரில் இருவர் கலந்திருந்தால் திருத்தக் கோரலாம். எந்தத் தேதியில் பார்த்தது என்பதை எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். எல்லா விண்ணப்பதாரர்களுக்கும் ஒரே தளத்தில், ஒரே நாளில் பாருங்கள். ஒருவருக்கு கூகுள் எண்ணும் இன்னொருவருக்கு ஸ்கோப்பஸ் எண்ணும் ஒரே அட்டவணையில் ஏறிவிடுவதுதான் தேர்வுக் குழுக்களில் சாதாரணமாக நடக்கும் தவறு. அவரவர் பயோடேட்டாவில் போட்டதை அப்படியே எடுத்து எழுதுவதால் வருவது அது.

எண்ணைத் தொடும் முன் பட்டியலைச் சுத்தம் செய்ய வேண்டும். ஸ்கோப்பஸ் ஆசிரியர் அடையாள எண்ணைக் கணினியே உருவாக்குகிறது. நிறுவனம் மாறியவருக்கு இரண்டு மூன்று எண்கள் விழுந்திருக்கும். குடும்பப் பெயர் இல்லாமல் தலைப்பெழுத்தோடு எழுதுகிறவர்களின் கட்டுரைகள் பெயரை முன்பின்னாகப் படித்ததால் சிதறிக் கிடக்கும். பரவலான பெயர் என்றால் பக்கத்து ஊர் எலும்பு மருத்துவரின் கட்டுரைகூட வந்து ஒட்டிக்கொண்டிருக்கும். மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் பப்மெட் தளத்தில் பெயரோடு நிறுவனத்தின் பெயரையும் சேர்த்துத் தேடி, அவர் கொடுத்த 112ஐ ஒவ்வொன்றாக ஒத்துப் பாருங்கள். ஆய்வாளருக்கான அடையாள எண்ணான ஆர்கிட் இருந்தால் வேலை பாதியாகும். ஆனால் ஆர்கிட் பக்கத்தில் கட்டுரைகளைச் சேர்ப்பது பெரும்பாலும் அந்த நபரேதான். அந்த 16 இலக்கம் ஆளை அடையாளம் காட்டும், கட்டுரைக்குச் சான்றிதழ் தராது. இன்னொன்று: மயக்கவியல் என்ற சொல்லுக்கு ஆங்கிலத்தில் பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டு ஒன்று, அமெரிக்க எழுத்துக்கூட்டு ஒன்று. தலைப்பை யாராவது மாற்றி அடித்துவிட்டால் கூகுள் ஸ்காலரில் ஒரே கட்டுரை இரண்டாக நிற்கும், மேற்கோளும் இரண்டாகப் பிரியும். தேடும்போது இரண்டு எழுத்துக்கூட்டிலும் தேடுங்கள்.

பிறகு 112ஐ வகை பிரியுங்கள். சீரற்ற ஒதுக்கீட்டுச் சோதனை, கண்காணிப்பு ஆய்வு, தொகுப்பாய்வு, வழிகாட்டு நெறி, நோயாளி அறிக்கை, ஆசிரியருக்குக் கடிதம், தலையங்கம், நூல் அத்தியாயம். நம் துறையில் இந்தப் படி மிக முக்கியம், ஏனென்றால் மயக்கவியல் இதழ்களில் கடிதப் பகுதிக்கு நீண்ட மரபு உண்டு, பப்மெட்டில் ஒவ்வொரு கடிதமும் ஒரு பதிவு. 38 கடிதம், 21 நோயாளி அறிக்கை என்று வந்தால், ஆய்வு என்று சொல்லத் தக்கவை 53தான். அதற்காகக் கடிதங்களை ஒதுக்கிவிடாதீர்கள். ஒரு மருந்தளவுப் பிழையையோ, வெளியான சோதனையின் ஓட்டையையோ சுட்டும் நல்ல கடிதம் சில நேரம் நாலு ஆய்வுக்குச் சமம். ஏன் என்பது கீழே வரும்.

வகை பிரித்த கையோடு, ஒவ்வொன்றிலும் அவர் எந்த இடத்தில் இருக்கிறார் என்று குறியுங்கள். மருத்துவக் கட்டுரைகளில் முதல் பெயர் பெரும்பாலும் வேலையைச் செய்தவர், கடைசிப் பெயர் வழிநடத்தியவர், கடிதத் தொடர்புக்குரியவர் பொறுப்பேற்றவர். நடுவில் ஒன்பதாவதாக நிற்பவர் நோயாளிகளைச் சேர்த்துக் கொடுத்தவராக இருக்கலாம், புள்ளியியல் பார்த்தவராக இருக்கலாம், துறைத் தலைவர் என்ற மரியாதைக்காகவும் இருக்கலாம். கட்டுரையின் இறுதியில் பங்களிப்பு விவரம் இருந்தால் அதைப் படியுங்கள். பன்னாட்டுப் பெருஞ்சோதனைகளில் கூடுதல் கவனம் வேண்டும். அறுவைக்கு முன்பின் பீட்டா தடுப்பான் (இதயத் துடிப்பைக் குறைக்கும் மருந்து) கொடுத்துப் பார்த்த பாய்ஸ் சோதனை 2008இல் லான்செட் இதழில் வந்தது. 23 நாடுகள், 190 மருத்துவமனைகள், 8,351 நோயாளிகள். இப்படிப்பட்ட ஆய்வில் எழுத்தாளர் பட்டியல் தனி, கூட்டுப் பணியாளர் பட்டியல் தனி. பப்மெட் இரண்டையும் காட்டும். கூட்டுப் பணியாளராக இருந்ததைச் ‘என் கட்டுரை’ என்று கணக்கில் சேர்த்திருக்கிறாரா என்று பாருங்கள். ஓர் ஊர் மருத்துவமனையிலிருந்து அத்தகைய சோதனைக்கு நோயாளிகளைச் சேர்த்தது மதிக்கத் தக்க உழைப்பு. அதை எழுத்தாளராகப் பதிவு செய்வது வேறு.

இனி எச் இன்டெக்ஸ். இயற்பியலாளர் ஹோர்கே ஹிர்ஷ் 2005இல் முன்வைத்த அளவு. கட்டுரைகளை மேற்கோள் எண்ணிக்கையில் மேலிருந்து கீழாக அடுக்கி, வரிசை எண் மேற்கோளைத் தாண்டும் முன் நிற்கும் இடம்தான் எச். ஒருவரின் பத்துக் கட்டுரைகளுக்கு மேற்கோள் 210, 96, 40, 22, 15, 9, 7, 6, 3, 0 என்று வைத்துக்கொள்வோம். ஏழாவது கட்டுரைக்கு 7, எட்டாவதற்கு 6. எச் 7இல் நின்றுவிட்டது. மொத்தம் 408 மேற்கோள். இப்போது முதல் கட்டுரையின் 210ஐ 2,100 ஆக்கினாலும் எச் 7தான். ஏழே கட்டுரை எழுதி, ஒவ்வொன்றுக்கும் 7 மேற்கோள் வாங்கியவருக்கும் எச் 7தான். அவருக்கு மொத்தம் 49. இந்த இருவரையும் ஒரே தட்டில் வைக்கும் அளவுகோல் அது. இன்னொரு குறை, அது ஒருபோதும் இறங்காது. எழுதுவதை நிறுத்திப் பத்தாண்டு ஆனவருக்கும் ஏறலாம்.

எனவே எச் எண்ணைப் பார்க்கும்போது பக்கத்திலேயே இரண்டு விஷயம் குறியுங்கள். ஒன்று, அதிக மேற்கோள் வாங்கிய முதல் மூன்று கட்டுரைகள் மொத்தத்தில் எத்தனை சதவீதம். உங்கள் விண்ணப்பதாரரின் 2,150இல் 1,100 ஒரே ஒரு வழிகாட்டு நெறியிலிருந்து வந்து, அதில் அவர் 24 பேரில் ஒருவர் என்றால் படம் மாறிவிடும். இரண்டு, அவர் முதலிலோ கடைசியிலோ நிற்கும் கட்டுரைகளை மட்டும் எடுத்து எச் போட்டுப் பாருங்கள். ஸ்கோப்பஸிலிருந்து பட்டியலை எக்செலில் இறக்கினால் அரை மணி நேர வேலை. 21 என்பது 16 ஆனால் அவர் தன் காலில் நிற்பவர். 7 ஆனால், கூட்டத்தோடு நடந்தவர். 22 ஆண்டில் 21 என்பதை ஹிர்ஷின் கணக்குப்படி ஆண்டுக்கு 0.95 என்று சொல்லலாம். அவர் ஆண்டுக்கு 1 என்று சொன்ன அளவு இயற்பியலாளர்களுக்கானது. மயக்க மருத்துவருக்கு அதைப் பொருத்திப் பார்க்க வேண்டாம்.

தன் மேற்கோளை நீக்கிய எண்ணையும் எழுதுங்கள். ஸ்கோப்பஸில் அவருடையதை மட்டும் நீக்கலாம், உடன் எழுதியவர்கள் எல்லாருடையதையும் நீக்கலாம். இரண்டாவதுதான் உண்மையைக் காட்டும். தொடர் ஆய்வு செய்கிறவர் தன் பழைய கட்டுரையைச் சுட்டாமல் எழுதவே முடியாது, ஆகவே கொஞ்சம் குறைவது இயல்பு. எச் 21இலிருந்து 19 ஆனால் விட்டுவிடுங்கள். 12 ஆனால் மேற்கோள் காட்டிய கட்டுரைகளைத் திறந்து பாருங்கள். அதே நாலு பேர், அதே இரண்டு இதழ், பொருளுக்குச் சம்பந்தமில்லாத இடத்தில் கொத்தாக ஆறேழு மேற்கோள் என்று இருந்தால் அது குறித்துவைக்க வேண்டிய விஷயம்.

இதயவியல் பேராசிரியருக்குச் சொல்ல வேண்டியது: இரண்டு துறையின் எச் எண்ணையும் நேருக்கு நேர் வைக்க முடியாது. இதயவியலில் ஆய்வாளர் அதிகம், இதழ் அதிகம், ஒவ்வொரு கட்டுரையின் இறுதியிலும் மேற்கோள் பட்டியல் நீளம். மயக்கவியல் சிறிய துறை. நம்மில் அதிக மேற்கோள் வாங்கியவை எவை என்று பார்த்தால் இன்னொன்றும் புரியும். பெரும்பாலும் அளவைகளும் மதிப்பெண்களும்தான். வர்ஜீனியா ஆப்கார் 1953இல் எழுதிய பச்சிளங்குழந்தை மதிப்பெண், மயக்கம் தெளிவதை அளக்கும் 1970இன் ஆல்ட்ரீட் மதிப்பெண், மூச்சுக்குழாய்க் குழல் செருகும் சிரமத்தைச் சொல்லும் 1984இன் கார்மாக்-லெஹேன் வகைப்பாடு, 1985இன் மல்லம்பட்டி, வாந்தி வாய்ப்பைச் சொல்லும் 1999இன் ஆப்ஃபெல் மதிப்பெண். இவற்றிலும் பிரசவ அறையில் ஒவ்வொரு நாளும் ஆப்கார் போடுகிறவர் யாரும் 1953 கட்டுரையை மேற்கோள் காட்டுவதில்லை. ஒரு கண்டுபிடிப்பு முழுதாக நடைமுறையில் கரைந்துவிட்டால் மேற்கோள் அதோடு நின்றுபோகும். எண்ணில் தெரியாத தாக்கம் அது.

துறை வேறுபாட்டைச் சரிக்கட்டிய அளவு இரண்டு உண்டு. ஸ்கோப்பஸ் தரவில் ‘துறை எடையிட்ட மேற்கோள் தாக்கம்’ கிடைக்கும். அதே ஆண்டு, அதே துறை, அதே வகைக் கட்டுரைகளோடு ஒப்பிடும். 1 என்றால் உலகச் சராசரி, 1.4 என்றால் சராசரியைவிட 40 சதவீதம் அதிகம். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தின் ஐசைட் தளம் இலவசம். பப்மெட் எண்களை ஒட்டினால் ஒவ்வொரு கட்டுரைக்கும் ‘சார்பு மேற்கோள் விகிதம்’ தரும். அங்கே 1 என்பது அந்த நிறுவனத்தின் நிதியில் வந்த கட்டுரைகளின் நடு மதிப்பு, அதாவது எட்டுவதற்குச் சிரமமான கோடு. இரண்டு அளவிலும் சராசரியை நம்பாதீர்கள். ஒரே கட்டுரை மொத்தத்தையும் தூக்கிவிடும். ஐசைட் நடு மதிப்பையும் காட்டும், அதை எழுதுங்கள். கடைசி இரண்டு ஆண்டுக் கட்டுரைகளை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம், அவற்றைப் படித்து மேற்கோள் காட்டவே இன்னும் யாருக்கும் நேரமாகியிருக்காது.

‘2 சதவீதம்’ பட்டியல் ஸ்டான்ஃபோர்டின் ஜான் அயோனிடிஸ் குழு ஸ்கோப்பஸ் தரவிலிருந்து தயாரிப்பது. ஆறு அளவுகளைக் கலந்த கூட்டு மதிப்பெண் அது. தனியாக, முதலாவதாக, கடைசியாக நிற்கும் கட்டுரைகளுக்கு எடை உண்டு என்பதால் வெறும் எச் எண்ணைவிட நல்லது. ஆனால் பட்டியல் இரண்டு. வாழ்நாள் பணிக்கு ஒன்று, ஒரே ஒரு ஆண்டின் மேற்கோளுக்கு இன்னொன்று. இரண்டாவதில் வந்துவிட்டு முதலாவதைப் போலச் சொல்லிக்கொள்வது சகஜம். எக்செல் கோப்பாகவே பொதுவில் இருக்கிறது, இறக்கிக்கொள்ளுங்கள். மயக்கவியல் அதில் தனி உட்பிரிவு. உட்பிரிவுக்குள் அவர் எத்தனையாவது, தன் மேற்கோள் எத்தனை சதவீதம் என்று வரியிலேயே போட்டிருக்கும். அண்மைப் பதிப்புகளில் திரும்பப் பெறப்பட்ட (பிழையோ புனைவோ தெரிந்து விலக்கிய) கட்டுரை எண்ணிக்கைக்கும் ஒரு நெடுவரிசை உண்டு. அந்த நெடுவரிசையை முதலில் பாருங்கள்.

இம்பாக்ட் ஃபேக்டர் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் குழுவில் யாராவது கேட்பார்கள். அது இதழின் எண், ஆளின் எண் அல்ல. இதழ் கடந்த இரண்டு ஆண்டில் வெளியிட்டவற்றுக்கு இந்த ஆண்டு வந்த மேற்கோளை, ஆய்வுக் கட்டுரைகளும் மதிப்பாய்வுகளுமான எண்ணிக்கையால் வகுத்தது. கடிதத்துக்கு வந்த மேற்கோள் மேலே கூடும், கடிதம் கீழே வகுக்கும் எண்ணில் வராது. சில கட்டுரைகள் சராசரியை ஏற்றிவிடுவதால் அந்த இதழில் வந்த பெரும்பாலான கட்டுரைகள் அந்த எண்ணுக்குக் கீழேதான் இருக்கும். எல்லா இதழ்களின் எண்ணையும் கூட்டி ‘மொத்த இம்பாக்ட் ஃபேக்டர்’ என்று சிலர் எழுதுகிறார்கள். அந்தக் கூட்டலுக்குப் பொருளே இல்லை. ஆய்வு மதிப்பீடு பற்றி 2013இல் வெளியான சான்ஃபிரான்சிஸ்கோ அறிவிப்பு ஆளெடுப்பில் இதைப் பயன்படுத்தாதீர்கள் என்றே சொல்கிறது. உங்கள் விதி அந்தக் கட்டத்தை நிரப்பச் சொன்னால் நிரப்புங்கள், அதன்மேல் தீர்ப்பைக் கட்ட வேண்டாம்.

இதுவரை சொன்னது மூன்று நாள் வேலை. அடுத்த நாலு நாட்களை, தரவு நிஜமா என்ற கேள்விக்குக் கொடுங்கள். வேறு துறைக்கு இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல மாட்டேன். உலகில் அதிகக் கட்டுரைகளைத் திரும்பப் பெற்றவர்கள் வரிசையில் உச்சியில் இருக்கும் இருவரும் மயக்க மருத்துவர்கள். ஜெர்மனியின் யோவாகிம் போல்ட், 200க்கும் மேல். ஜப்பானின் யோஷிதாகா ஃபுஜி, 170க்கும் மேல். ஜப்பான் மயக்கவியல் சங்கம் 2012இல் ஃபுஜியின் 212 கட்டுரைகளை ஆராய்ந்து, 172இல் தரவு புனையப்பட்டது என்று முடிவு செய்தது. ஐயமில்லாமல் தேறியவை 3. அமெரிக்காவின் ஸ்காட் ரூபன் 2009இல் 21 கட்டுரைகளோடு பிடிபட்டார். பிடிபடும் நாள்வரை எண்களைப் பார்த்தால் மூவரும் துறையின் நட்சத்திரங்கள்.

இதில் நோயாளிக்கு என்ன என்று குழுவில் கேட்டால், ஹைட்ராக்ஸிஎத்தில் ஸ்டார்ச்சைச் சொல்லுங்கள். ரத்த நாளத்தில் ஏற்றும் அந்தத் திரவம் பாதுகாப்பானது என்ற நம்பிக்கைக்குப் போல்டின் ஆய்வுகளும் ஒரு தூண். 2013இல் ஜாமா மருத்துவ இதழில் வந்த தொகுப்பாய்வு, அவருடைய 7 சோதனைகளை, அவற்றிலிருந்த 590 நோயாளிகளை, நீக்கிவிட்டுக் கணக்குப் போட்டது. தீவிர நோயாளிகளில் இறப்பு 9 சதவீதம் அதிகம் என்று தெளிவாகத் தெரிந்தது. அவற்றைச் சேர்த்துப் பார்த்தபோது அந்தக் கோடு மங்கலாக இருந்தது. மேற்கோள் வாங்கும் பொய் ஐசியூ படுக்கை வரை போகிறது.

ஃபுஜியை முதலில் சுட்டியது பெரிய விசாரணை அல்ல, ஒரு கடிதம். 2000இல் அனஸ்தீசியா அண்ட் அனல்ஜீசியா இதழுக்கு மூவர் எழுதினார்கள்: இவருடைய கட்டுரைகளில் தலைவலி போன்ற பக்கவிளைவுகளின் எண்ணிக்கை எல்லாக் குழுவிலும் நம்ப முடியாத அளவுக்கு ஒன்றாக இருக்கிறதே என்று. பன்னிரண்டு ஆண்டு கழித்துத்தான் நடவடிக்கை வந்தது. போல்டிடம் நடந்ததும் அதுதான். 2009இல் வந்த கட்டுரையில் அளவீடுகளின் சிதறல் இயல்புக்கு மாறாகக் குறைவு என்று வாசகர்கள் ஆசிரியருக்கு எழுதினார்கள். விசாரித்தால் நெறிக்குழு ஒப்புதலும் இல்லை, ஆய்வு நடந்ததற்கான சான்றும் இல்லை. கடிதங்களை ஒதுக்க வேண்டாம் என்றது இதனால்தான்.

நீங்கள் செய்யக்கூடிய சோதனைகள் எளியவை. முதலில் ரிட்ராக்‌ஷன் வாட்ச் தரவுத்தளத்தில் பெயரைத் தேடுங்கள். 2023 முதல் அது கட்டுரைகளுக்கு அடையாள எண் தரும் கிராஸ்ரெஃப் அமைப்பின் வசம், இலவசம். திரும்பப் பெற்ற கட்டுரை இருந்தால் காரணத்தைப் படியுங்கள். கணக்குப் பிழையைத் தானே கண்டு, தானே முன்வந்து திரும்பப் பெற்றிருந்தால் அது அவருக்குப் பெருமை. திரும்பப் பெற்ற கட்டுரைக்கு வந்த மேற்கோள் எச் கணக்கில் அப்படியே இருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம், கழித்து எழுதுங்கள்.

அடுத்து, நோயாளி எண்ணிக்கைக் கணக்கு. ஒரு மருத்துவமனையில் வாரம் 6 லேப்ரோஸ்கோப்பிப் பித்தப்பை அறுவை நடக்கிறது, விலக்கும் மறுப்பும் போக 4 பேர் சேருவார்கள் என்று வையுங்கள். 120 பேர் சோதனைக்கு 30 வாரம். அதே குழு, அதே காலத்தில், அதே அறுவையில் இன்னும் மூன்று சோதனை வெளியிட்டிருந்தால் 480 பேர், வாரத்துக்கு 16 பேர். நடக்கும் அறுவையே 6. கணக்கு உதைக்கிறது. கட்டுரைகளின் முறையியல் பகுதியில் சேர்க்கை தொடங்கிய மாதமும் முடிந்த மாதமும் இருக்கும். ஒரு தாளில் கோடு போட்டு, எந்தெந்தச் சோதனை எந்தெந்த மாதத்தில் ஓடியது என்று வரையுங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டு போனால் கண்ணுக்கே தெரியும். தேதியே போடாத சோதனைகளைத் தனியாகக் குறியுங்கள்.

மூன்றாவது, பதிவு எண். மருத்துவ இதழ் ஆசிரியர்களின் பன்னாட்டுக் குழு 2005 ஜூலையிலிருந்து நோயாளி சேர்க்கும் முன்பே சோதனையைப் பதிவு செய்யச் சொல்கிறது. பதிவேட்டைத் திறந்து மூன்றை ஒத்துப் பாருங்கள்: பதிவு செய்த தேதி, முதன்மை விளைவு (சோதனை முக்கியமாக அளக்க வந்தது), திட்டமிட்ட எண்ணிக்கை. பதிவில் ‘24 மணி நேர மார்ஃபின் அளவு’ என்று இருந்து, கட்டுரையில் ‘6ஆம் மணி நேர வலி மதிப்பெண்’ முதன்மை விளைவாக மாறியிருந்தால், மார்ஃபினில் வேறுபாடு கிடைக்கவில்லை என்று ஊகிக்க இடமுண்டு. இது பித்தலாட்டம் ஆகாது, ஆனால் நல்ல ஆய்வு வழக்கமும் ஆகாது.

நான்காவது, அட்டவணையின் சதவீதங்கள். குழுவுக்கு 30 பேர் என்றால் ஒருவர் 3.3 சதவீதம். 13 பேருக்கு வாந்தி என்றால் 43.3, 14 பேருக்கு என்றால் 46.7. வாந்தி 45 சதவீதம் என்று அச்சில் இருந்தால், விடுபட்ட நோயாளி யாரும் இல்லாதபோது அப்படி ஓர் எண் வரவே முடியாது. தட்டச்சுப் பிழையாக இருக்கலாம், ஒன்று கண்டால் விடுங்கள். நாலு கட்டுரையில் தொடர்ந்து கண்டால் எழுதிவையுங்கள். அதே கையோடு வெவ்வேறு கட்டுரைகளின் முதல் அட்டவணைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வயது, எடை, மயக்க நேரம் இவற்றின் சராசரியும் சிதறலும் வேறு வேறு சோதனையில் அச்சாக ஒன்றாக இருப்பது சகஜமல்ல.

இந்தச் சோதனைகளுக்கு ஓர் எல்லை உண்டு. பிரிட்டன் மயக்க மருத்துவர் ஜான் கார்லைல், அனஸ்தீசியா இதழுக்கு 2017 முதல் மூன்றாண்டு வந்த 526 சோதனைகளை ஆராய்ந்து 2021இல் எழுதினார். மொத்தத்தில் 73இல், அதாவது 14 சதவீதத்தில், பொய்த் தரவு இருப்பதாகக் கண்டார். நோயாளி வாரியான மூலத் தரவு கையில் கிடைத்த 153ஐ மட்டும் எடுத்தால் அது 67, அதாவது 44 சதவீதம். அட்டவணை அழகாக இருந்தது, எக்செலைத் திறந்தபோதுதான் ஒரே வரிசை எண்கள் திரும்பத் திரும்ப ஒட்டப்பட்டிருந்தது போன்றவை தெரிந்தன. ஆகவே உங்கள் சோதனையில் எதுவும் சிக்கவில்லை என்றால் ‘சிக்கவில்லை’ என்று மட்டும் எழுதுங்கள், ‘சுத்தம்’ என்று சான்று கொடுக்க வேண்டாம். சிக்கினாலும் குழுவில் குற்றம் சாட்டாதீர்கள். விளக்கம் கேட்கலாம், தேவைப்பட்டால் இதழ் ஆசிரியருக்கு எழுதலாம். தீர்ப்புச் சொல்ல வேண்டியது இதழும் நிறுவனமும்.

கடைசி மூன்று நாள் வாசிப்புக்கு. அவரையே ஐந்து கட்டுரை தேர்ந்து தரச் சொல்லுங்கள், அவற்றில் மூன்றிலாவது முதல் அல்லது கடைசி எழுத்தாளராக இருக்க வேண்டும் என்று நிபந்தனை வையுங்கள். நீங்களாக இரண்டு தேர்ந்துகொள்ளுங்கள், மேற்கோள் அதிகம் வாங்கியது ஒன்று, ஒன்றுமே வாங்காதது ஒன்று. இரண்டாவது பெரும்பாலும் அதிகம் சொல்லும். எதிர்மறை முடிவை ஒளிக்காமல் வெளியிட்ட நேர்மையான சோதனையாக இருக்கலாம், அல்லது எண்ணிக்கைக்காகப் போட்ட துண்டாக இருக்கலாம். ஒவ்வொரு கட்டுரையையும் மேற்கோள் காட்டியவர்களில் பத்துப் பேரைத் திறந்து, எந்த வாக்கியத்தில் சுட்டியிருக்கிறார்கள் என்று பாருங்கள். ‘இந்தச் சோதனை காட்டியபடி மருந்தளவை மாற்றினோம்’ என்பதும் மேற்கோள். ‘இந்தச் சான்று தரம் குறைந்தது’ என்பதும் மேற்கோள். முன்னுரையில் பத்து எண்ணோடு கோத்துவிட்டதும் மேற்கோள். வழிகாட்டு நெறி ஒன்றின் பரிந்துரைக்கு அடியில் அவர் ஆய்வு சான்றாக நின்றால், அதைத் தனியாகப் பெயர் சொல்லி எழுதுங்கள்.

குழுவுக்கு ஒரு பக்கம் போதும். இந்த நடையில் எழுதலாம், எண்களை உங்கள் கணக்குப்படி மாற்றிக்கொள்ளுங்கள்: “ஸ்கோப்பஸ், பார்த்த தேதி இது. 112 பதிவுகளில் ஆய்வுக் கட்டுரை 53, அதில் முதல் அல்லது கடைசி எழுத்தாளர் 26. உடன் எழுதியவர்களின் மேற்கோள் நீக்கி எச் 18. முதல் மூன்று கட்டுரைகள் மொத்த மேற்கோளில் 41 சதவீதம். ஐசைட் நடு மதிப்பு 0.9. திரும்பப் பெற்றவை இல்லை. பார்த்த 12 சோதனைகளில் 9 முன்பதிவு பெற்றவை, 2இல் முதன்மை விளைவு மாறியுள்ளது. வாசித்த 7 கட்டுரைகளில் நரம்புத் தடுப்பு மருந்தளவு பற்றிய 3 நடைமுறையை மாற்றியவை.” இதயவியல் பேராசிரியருக்கும் இது புரியும்.

நேர்காணலில் அந்த மாறிய முதன்மை விளைவைப் பற்றி நேராகக் கேளுங்கள். மூலத் தரவு எங்கே இருக்கிறது, யார் பொறுப்பில் இருக்கிறது, நெறிக்குழு கேட்டால் எத்தனை நாளில் எடுத்துத் தருவீர்கள் என்றும் கேளுங்கள். சோதனையைத் தானே நடத்தியவர், எந்த மாதம் சேர்க்கை தடைப்பட்டது, எந்த நோயாளியில் நரம்புத் தடுப்பு பலிக்கவில்லை, ஏன் மாற்றினோம் என்று தேதியோடு சொல்லத் தொடங்குவார்.